இசைத்துறையின் சின்ன அறையைத் திருப்பிக் கொடுங்கள்: கல்லூரி முதல்வருக்கும் நிர்வாகக் குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அம்மா அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். இளங்கலை இசை மூன்றாம் ஆண்டு மாணவர்கள் சார்பில் இதை எழுதுகிறேன். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகிறது என்று, நாங்கள் பாடிப் பழகும் சின்ன அறையைக் கோப்பு அறையாக மாற்றிய கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். குழு போனதும் தந்துவிடுகிறோம் என்றீர்கள், நம்பினோம். குழு வந்துபோய் மாதங்கள் ஆகின்றன. போன வாரம் வந்த சுற்றறிக்கை, அந்த அறை இனி நிரந்தர ஆவண அறை என்கிறது. அதன் பிறகும் பேசாமல் இருக்க எங்களால் முடியவில்லை.

“பெரிய அறை இருக்கிறதே, அதிலேயே பாடுங்களேன்” என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். அங்கே என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

வாய்ப்பாட்டு வகுப்பில் பெண்களும் ஆண்களும் சேர்ந்துதான் படிக்கிறோம். பாடுவதற்கு ஆதாரமான சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வோம், கட்டை ஏறினால் சுருதியும் உயரும். பெண்களுக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டை சுருதி. ஆண்களான எங்களுக்கு ஒன்று, ஒன்றரை. இரண்டு அறைகள் இருந்தவரை அவரவர் சுருதியில் பாடினோம். இப்போது எல்லோரும் ஒரே அறையில் என்பதால், ஆசிரியர் வேறு வழியில்லாமல் சுருதிப் பெட்டியை மூன்று கட்டையில் வைக்கிறார். அது அந்த அறையில் இருக்கும் யாருக்கும் பொருந்தாத சுருதி. பைரவி ராகத்தில் அடதாள வர்ணம் என்ற பயிற்சிப் பாட்டில் மேல் ஸ்தாயிக்கு ஏறும் இடம் வந்தால் ஆண்கள் பாதிப்பேர் பொய்க்குரலுக்குத் தாவுகிறோம், மீதிப்பேர் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறோம். கீழே இறங்கும்போது பெண்களின் வாயிலிருந்து வெறும் காற்றுதான் வருகிறது. கொஞ்ச நேரத்தில் ஆசிரியரே பொறுக்கமாட்டாமல் நிறுத்திவிட்டு, “சரி, பொண்ணுங்க மட்டும் பாடுங்க” என்று சுருதியை மாற்றுவார். அப்போது நாங்கள் வாயை மூடிக்கொண்டு தாளம் போடுவோம். அப்புறம் எங்கள் முறை, அவர்கள் தாளம் போடுவார்கள். ஒரு மணி நேரம்கூட இல்லாத வகுப்பில் ஆளுக்குப் பாதி நேரம். என் வகுப்புத் தோழன் ஒருவனுக்குத் தொண்டை கட்டி, பேசவே கூடாது என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். செய்முறைத் தேர்வில் வெளித் தேர்வாளர் முன்னால் அவன் தன் சொந்தச் சுருதியில் பாடியாக வேண்டும். அந்தச் சுருதியில் அவனை எங்கே பழகச் சொல்கிறீர்கள்?

வெளியே போய்ப் பாடிச் சாதகம் செய்யலாம் என்றால், சைக்கிள் நிறுத்துமிடத்தின் பக்கத்தில் உட்கார்ந்த எங்களைப் பொருளியல் துறையினர் எழுந்து போகச் சொன்னார்கள். அவர்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை, அவர்களுக்கும் வகுப்பு நடக்க வேண்டும். விடுதியில் காலையில் குரல் எழுப்பக்கூடாது. சாயங்காலம் கல்லூரியைப் பூட்டிவிடுவார்கள்.

சின்ன அறையில் இருந்த தம்புராக்களை வராந்தாவில் ஒரு இரும்பு அலமாரியின் தலைமேல் படுக்க வைத்திருக்கிறார்கள். ஒன்றின் குடத்தில் விரிசல் விட்டிருக்கிறது. இன்னொன்றில், கம்பிக்கு அடியில் வைத்து நாதத்தை எழுப்பும் ஜீவா நூல்கூட இல்லை, மீட்டினால் கம்பி வெறுமனே அதிர்கிறது. தஞ்சாவூரில் பலா மரத்தைக் குடைந்து செய்த வாத்தியங்கள் அவை. எங்களுக்கு முன்னால் படித்தவர்களெல்லாம் மீட்டிய தம்புராக்கள் தூசியில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே வகுப்புக்குப் போகிறோம். வயிறு எரிகிறது, அம்மா.

“அவ்வளவு பாட்டு படிக்கணும்னா இசைக் கல்லூரியில் சேர்ந்திருக்கலாமே” என்று ஒருவர் சொன்னார். அவர் யார் என்பது இங்கே வேண்டாம். பாட்டோடு தமிழும் வரலாறும் உளவியலும் படிக்க ஆசைப்பட்டுத்தான் கலை அறிவியல் கல்லூரிக்கு வந்தோம். இசையும் மற்றப் பாடங்களும் ஒரே வளாகத்தில் இருக்க முடியாதா? அண்ணாமலை அரசர் 1929இல் சிதம்பரத்தில் தொடங்கிய இசைக் கல்லூரி, பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் அங்கமாகவே வளர்ந்தது. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் முழுக்க முழுக்கக் கலைக் கல்வி மரபில் வந்த இடம். அங்கே 1960களிலேயே கர்நாடக இசை வகுப்பு தொடங்கிவிட்டது. வீணை தனம்மாளின் பேரன்களான மிருதங்கம் ரங்கநாதனும் புல்லாங்குழல் விஸ்வநாதனும் ஆண்டுக்கணக்கில் அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். அவ்வளவு தொலைவில் நம் பாட்டுக்கு ஓர் இடம் இருக்கிறது. நம் ஊரில் நம் கல்லூரியில் ஒரு சின்ன அறைக்காக இப்படி மன்றாட வேண்டியிருக்கிறது.

கல்லூரியில் எந்த விழா என்றாலும் கடவுள் வாழ்த்துக்கு எங்களைத்தான் அழைக்கிறீர்கள். நாக் குழு வந்த அன்றும் வாசலில் நின்று வரவேற்புப் பாட்டு பாடியவர்கள் நாங்கள்தான். சந்தோஷமாகத்தான் பாடினோம், இனியும் பாடுவோம். மேடையில் எங்கள் குரல் வேண்டும் என்றால், அந்தக் குரல் பழகுவதற்கு இடமும் வேண்டும். மிருதங்க ஆசிரியர் பணியிடம் காலியாகவே கிடப்பதையும், கைத்தட்டலை மட்டும் துணையாக வைத்து நாங்கள் பல்லவி பாடுவதையும் பற்றி எவ்வளவோ எழுதலாம். அதற்குப் பணம் வேண்டும், அரசு அனுமதி வேண்டும் என்பீர்கள். நியாயம், காத்திருக்கிறோம். ஆனால் சின்ன அறைக்கு அனுமதியும் வேண்டாம், பணமும் வேண்டாம். ஒரு பூட்டைத் திறந்தால் போதும்.

கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன் என்று பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். துறைத்தலைவரையோ ஆசிரியர்களையோ இதற்காக எதுவும் கேட்க வேண்டாம். இந்த மடல் முழுக்க மாணவர்களுடையது.

கோப்புகளை வைக்க நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அறை காலியாக இருக்கிறது. நூலகரிடம் பேசினோம், நீங்கள் உத்தரவிட்டால் தரத் தயார் என்றார். அலமாரிகளைத் தூக்கிப்போய் வைக்க நாங்களே வருகிறோம், ஒரு சனிக்கிழமை போதும். செய்முறைத் தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்று, சின்ன அறையை இசைத்துறைக்கே தந்துவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இசைத்துறை மூன்றாம் ஆண்டு மாணவர்கள்