அடுத்த படகுத்துறைக்கு யார் பணம் தருவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

2025 ஜூலை இறுதியில் ரஷ்யாவின் கம்சத்காவில் ஏற்பட்ட 8.8 அளவு நிலநடுக்கத்தின் அலைகள் வட கலிபோர்னியாவின் கிரசென்ட் சிட்டியை வந்து தாக்கியது பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அலையின் முதல் அடியை வாங்கிக்கொள்வதற்கென்றே அகலமாக அமைக்கப்பட்ட ‘எச்’ (H) என்ற படகுத்துறை சேதமடைந்ததையும், அதற்குப் பின்னால் இருந்த துறைகள் தப்பியதையும் கட்டுரையாளர் வியந்து எழுதியிருக்கிறார். வியப்பில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் உள்ளாட்சிக் கணக்குகளைப் பார்த்துப் பிழைக்கும் எனக்கு, அந்தக் கட்டுரையில் பணம் என்ற சொல்லே வராதது உறுத்தியது.

அந்த ஊரின் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். மக்கள்தொகை ஏழாயிரத்தை எட்டவில்லை. அதிலும் ஒரு பகுதியினர் பெலிகன் பே சிறையின் கைதிகள். ஊர் எல்லைக்குள் சிறை இருப்பதால் கணக்கெடுப்பில் அவர்களும் ஊர்க்காரர்கள். 1964 அலாஸ்கா நிலநடுக்கத்தின் சுனாமி இவ்வூரின் கடைத்தெருவையே வாரிக்கொண்டு போனது. 2006இல் கூரில் தீவுகளிலிருந்து வந்த அலை துறைகளைச் சிதைத்தது. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானிலிருந்து வந்தது மிச்சத்தையும் முடித்துவிட்டது. 2014இல் துறைமுகத்தின் உள்பக்கப் படகுத்துறைகள் புதிதாகக் கட்டித் திறக்கப்பட்டபோது செலவு சுமார் 5 கோடி டாலர்.

இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி பேரிடர் நிவாரணம். கூட்டரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமா பொதுவாக முக்கால் பங்கைத் தருகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியை மாநிலம் ஏற்கிறது. கடைசியில் மிஞ்சும் சிறு துண்டுதான் உள்ளூர்ப் பங்கு. சிறு துண்டுதான், ஆனால் 5 கோடியில் சிறு துண்டு. அதற்காகத் துறைமுக வாரியம் அமெரிக்க வேளாண்மைத் துறையிடம் 50 லட்சம் டாலருக்கு மேல் கடன் வாங்கியது. படகுத்துறைக்கு வேளாண்மைத் துறை ஏன் கடன் கொடுக்கிறது என்று கேட்பீர்கள். கிராமப்புற மேம்பாட்டுக் கடன்கள் அந்தத் துறையின் கையில்தான் இருக்கின்றன.

கடனை அடைக்க வாரியத்திடம் இருப்பது முக்கியமாகப் படகு நிறுத்தக் கட்டணமும் நில வாடகையும். நிறுத்தக் கட்டணம் படகின் நீளத்தைப் பொறுத்தது. படகு வந்தால்தான் அந்தக் காசு. 2023இலும் 2024இலும் கலிபோர்னியாவில் கடல் சால்மன் மீன்பிடிப்புக்கே தடை. திமிங்கிலங்கள் கயிறுகளில் சிக்குகின்றன என்பதால் டஞ்சனஸ் நண்டுப் பருவமும் ஆண்டுக்கு ஆண்டு தள்ளிப்போகிறது. நண்டுப் படகுக்காரர் சம்பாதிக்காத மாதத்தில் அவரிடம் கட்டணத்தை உயர்த்தினால், வடக்கே, சாலை வழியாக அரை மணி நேரத் தூரத்தில், பக்கத்து மாநிலமான ஆரிகனின் புரூக்கிங்ஸ் துறைமுகம் இருக்கிறது. அங்கே போய்க் கட்டிவிடுவார்.

வேறு நிதியே இல்லையா? இருக்கிறது, ஆனால் நிபந்தனைகளோடு. கூட்டரசின் படகு வசதி மானியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தூண்டில், படகு எரிபொருள் ஆகியவற்றின்மேல் வசூலாகும் வரியிலிருந்து வரும் பணம் அது. முக்கால் பங்கு வரை கிடைக்கும். ஆனால் 26 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள, பதினைந்து நாளுக்கு மிகாமல் தங்கிப் போகும் படகுகளுக்கான வசதிக்கு மட்டும். சான் டியாகோவிலிருந்து சுற்றுலா வரும் சொகுசுப் படகுக்குப் புதுத் துறை கட்டலாம். ஆண்டு முழுவதும் அங்கேயே கிடந்து ஊருக்குச் சோறு போடும் நண்டுப் படகுக்கு அந்தப் பணத்தில் ஒரு பலகைகூட மாற்ற முடியாது. மாநிலத்தின் படகுத்துறைக் கடன் இருக்கிறது, அதுவும் கடன்தானே.

இந்தக் கட்டத்தில்தான் வாக்காளர்கள் கைகொடுத்தார்கள். 2018 நவம்பரில், விடுதி அறை வாடகையின்மேல் 2 சதவீத வரி விதித்துத் துறைமுகத்துக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். என் பார்வையில் இதுவே சரியான வழி. துறைமுகம் இல்லாவிட்டால் அந்த ஊருக்கு யார் வந்து அறை எடுப்பார்கள்? படகு வைத்திருப்பவன் மட்டும் பயனாளி என்றால் அவனே கட்டட்டும். ஆனால் மாலையில் துறையில் காலாற நடப்பவர், நண்டு வாங்கித் தின்பவர், கடலைப் பார்த்த ஜன்னலுக்கு அதிக வாடகை வாங்கும் விடுதிக்காரர் ஆகிய எல்லோரும் பயனாளிகள்தான். தனியாருக்கு விற்றுவிடலாம் என்ற யோசனையும் அவ்வப்போது தலைகாட்டும். விற்கலாம், நண்டுப் படகுகளுக்கு அடுத்த நாளே இடம் இருக்காது.

என் குறை வேறு. இந்த வரிப்பணம் பழைய கடனுக்கே சரியாகப் போகிறது. அடுத்த துறைக்கு? ஐம்பது ஆண்டு தாங்கும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், 5 கோடி டாலர் துறைக்கு ஆண்டுத் தேய்மானம் பத்து லட்சம் டாலர். அதைப் புத்தகத்தில் செலவாக எழுதுகிறோம். தனியாக எடுத்து வைப்பது அபூர்வம். எனக்குத் தெரிந்த வேறொரு சிறிய பொதுப் படகுத்துறையைச் சொல்கிறேன். அங்கே தளத்துக்கு அடியிலுள்ள மிதவைகள் பல ஆண்டுகளாக நீரை உறிஞ்சி, துறை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. போல்ட்டுகள் நுழையும் இடத்தில் ஓரக் கட்டையைக் கட்டைவிரலால் அழுத்தினால் விரல் உள்ளே போகிறது. மேலே புதுப் பலகை அடித்து, பக்கத்தில் ஆரஞ்சு நிறக் கூம்பு வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் 'துறை மாற்றம்' என்று ஒரு வரி வரும். ஆண்டுதோறும் அடுத்த ஆண்டுக்கு நகரும். அந்தத் துறையைச் சுனாமி இடித்தால் ஃபெமா வரும். தானாக மக்கிப் போனால் யாரும் வரமாட்டார்கள். உளுத்துப்போன துறைக்கு அலைதான் மிகச் சிறந்த நிதித் திட்டம் என்று அங்கே ஒரு ஊழியர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தங்கள் வாசகர்களில் நாகப்பட்டினம், குளச்சல் பக்கத்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள். 2004க்குப் பிறகு, இடிந்ததைக் கட்ட வெளியிலிருந்து வரும் பணம், கட்டியதைப் பேண வருவதில்லை என்பதை நான் அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மானியமோ நிவாரணமோ கொடுக்கும் அரசு, கையெழுத்துக்கு முன்பே ஒரு நிபந்தனை போட வேண்டும். புதிய துறை திறக்கும் நாளிலிருந்து பிற்காலத்தில் அதை மாற்றிக் கட்டுவதற்கென்றே ஒரு தனி நிதிக் கணக்கு தொடங்கப்பட வேண்டும். விடுதி வரியில் ஒரு பங்கும் நிறுத்தக் கட்டணத்தில் ஒரு சிறு பங்கும் அதில் விழ வேண்டும். சம்பளம், வழக்கு, தவணை எதற்காகவும் வாரியம் அதில் கைவைக்கக் கூடாது. தேய்மானம் முழுவதையும் ஒரு சிறிய ஊரால் சேர்க்க முடியாது என்பது எனக்குத் தெரியும். உள்ளூர்ப் பங்கு அளவுக்காவது சேர்ந்திருந்தால், அடுத்த முறை வேளாண்மைத் துறையின் வாசலில் நிற்க வேண்டியிருக்காது.

கட்டுரையாளர் எச் துறையின் பழுதுபார்ப்பு முடிந்த பிறகு மீண்டும் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். அப்போது வாரியத்தின் ஆண்டுத் தணிக்கை அறிக்கையையும் ஒருமுறை புரட்டிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அது பொது ஆவணம், கேட்டால் கொடுப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு கணக்காளர்,
கலிபோர்னியா