பூக்கும் மாதத்தில் தோப்புக்கு வாருங்கள்

எங்கள் வட்டாரத்தின் தோட்டக்கலை அலுவலர்களுக்கு, அழகர்மலை அடிவாரத்து மா விவசாயி ஒருவரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா அவர்களுக்கு,

வணக்கம். இந்த ஆண்டு மாம்பூ எப்படி வந்தது, எப்படிப் போயிற்று என்பதைத் தாங்கள் அறிவீர்கள். தை மாதத்தில் இலை தெரியாமல் பூத்திருந்த காசா, செந்தூரம் ரக மரங்களில் மாசி முடிவதற்குள் கருகிய காம்புகளே மிஞ்சின. குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்த பிறகு, பங்குனியில் தாங்கள் வந்து சேதத்தைக் குறித்துக்கொண்டு சென்றீர்கள். வந்ததற்கு நன்றி. ஆனால் வரவேண்டிய காலத்தில் வரவில்லை என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் முதன்மையான கோரிக்கை ஒன்றுதான்: மார்கழிப் பிற்பகுதியிலிருந்து மாசி வரை, மரம் பூவில் இருக்கும்போது, பூச்சி எது, நோய் எது என்று பார்த்துச் சொல்லத் தெரிந்த ஒருவரைத் தோப்புக்கு அனுப்புங்கள்.

பூ கருகுகிறது என்றால் அதற்குக் காரணம் தத்துப்பூச்சியாக இருக்கலாம், இலைப்பேனாக இருக்கலாம், சாம்பல் நோயாகவும் இருக்கலாம். தத்துப்பூச்சி என்றால் மரத்தடியில் நடக்கும்போதே சடசடவென்று கிளம்பி முகத்தில் மோதும். இலைகளில் பிசுபிசுப்புப் படிந்து, சில நாளில் அதன்மேல் கரும்பூசணம் ஏறும். இலைப்பேன் கண்ணுக்கு எளிதில் அகப்படாது; வெள்ளைத்தாளை அடியில் பிடித்துப் பூங்கொத்தைத் தட்டினால்தான் ஒரு மில்லிமீட்டர் அளவில் மஞ்சளாக ஊர்வது தெரியும். சாம்பல் நோய் பனி இறங்கும் நாட்களில் பரவி, பூங்காம்பில் திருநீறு பூசியதுபோல் படியும். முதல் இரண்டுக்கும் பூச்சிமருந்து வேண்டும். அதிலும் ஒன்றுக்குக் கேட்கும் மருந்து மற்றதற்குக் கேட்காமல் போவதுண்டு. மூன்றாவதற்குப் பூசணக்கொல்லி அடிக்காமல் பூச்சிமருந்தை எத்தனை முறை அடித்தாலும் பணம் போவதுதான் மிச்சம். இவற்றைப் பிரித்துச் சொல்ல, பயிற்சி பெற்ற கண்ணுக்கு ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் கால்மணி நேரமும் போதும்.

அந்தக் கால்மணி நேரம் கிடைக்காததால் எங்கள் மரங்களுக்கு வைத்தியம் பார்ப்பவர் மருந்துக்கடைக்காரர். என் வேலிக்கு அடுத்த தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர், மாசி முதல் வாரத்தில் கருகிய பூங்கொத்து ஒன்றை ஒடித்து மஞ்சள் பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோனார். கடையில் அந்தப் பையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இமிடாகுளோபிரிட், பைரித்ராய்டு வகை என்று இரண்டு பூச்சிமருந்து, சாம்பல் நோய்க்கு அடிக்கும் நனையும் கந்தகம், வேப்பெண்ணெய் என்று நான்கையும் எடுத்து வைத்து, எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் கலந்து அடிக்கச் சொல்லி, பில் போடாமல் அனுப்பிவிட்டார்கள். கலக்கும்போதே மேலே எண்ணெய்த் திட்டும் அடியில் மஞ்சள் கட்டியுமாகத் திரிந்து நின்றது. விசைத்தெளிப்பானின் நாசில் அடைத்துக்கொண்டே இருந்தது. அதைக் கழற்றி வாயால் ஊதி ஊதி மாட்டிய இளைஞன், மாலையில் கண்ணைத் திறக்க முடியாமல் கிணற்றடியில் உட்கார்ந்து முகத்தில் தண்ணீரை அள்ளி அடித்துக்கொண்டிருந்தான். இரண்டொரு நாள் வெயிலில், அதுவரை தப்பியிருந்த பூவும் நுனியிலிருந்து தீய்ந்து வந்தது. கந்தகத்தையும் எண்ணெயையும் சேர்த்து அடிக்கக் கூடாது, இரண்டுக்கும் இடையே இரண்டு வாரமாவது விட வேண்டும் என்பது மதுரையை அடுத்த ஒத்தக்கடை வேளாண் கல்லூரிக்குப் போய்க் கேட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. தங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்தவருக்கும் தெரிந்த செய்தி அது. அன்றைக்கு அந்த டிரம்முக்குப் பக்கத்தில் நின்று சொல்லத்தான் ஆள் இல்லை.

பூ முழுதாக விரிந்திருந்த நேரம் அது. மாம்பூவுக்கு மகரந்தம் சேர்க்கிற ஈக்களும் தேனீக்களும் மரத்தடியில் செத்துக் கிடந்தன. நூற்றுக்கணக்கில் பூ விரியும் ஒரு கொத்தில் கடைசியில் தேறுவது ஒன்றிரண்டு காய்தான். அந்த ஒன்றிரண்டையும் நம்பித்தான் அவர் வட்டிக்கு வாங்கிக் குத்தகைப் பணம் கட்டியிருந்தார். பழைய மரங்கள் ஆதலால் உச்சிக்கு மருந்து ஏற்றுவதற்கு லாரித் தண்ணீர், டீசல், ஆள்கூலி எல்லாம் தனி. எல்லாவற்றையும் செலவழித்து அவர் செய்தது, மிஞ்சியிருந்த பூவையும் கருக்கியதுதான் என்றால், இது யாருடைய குறை?

தங்களிடம் கேட்டால் துண்டுப்பிரசுரம் தருகிறீர்கள். எனக்குக் கிடைத்ததில் தத்துப்பூச்சிக்குக் கார்பரில், பாஸ்பமிடான் என்றும், பழ ஈக்குப் பென்தியான் என்றும் அச்சாகியிருக்கிறது. கார்பரிலையும் பென்தியானையும் மத்திய அரசு 2018 ஆகஸ்டிலேயே தடைசெய்துவிட்டது. பாஸ்பமிடானுக்கு 2020 டிசம்பர் 31-ஓடு முடிவு கட்டப்பட்டது. இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் கடைக்காரரிடம் எந்த வாயால் கேள்வி கேட்பது?

சேதம் பார்க்க வந்தபோது, பூச்சியால் போனதற்கு நிவாரணம் கிடையாது என்று சொல்லப்பட்டது. பேரிடர் நிவாரண நிதிக்குரிய பட்டியலில் புயல், வறட்சியோடு பூச்சித் தாக்குதலும் இருக்கிறது. 33 சதவீதத்துக்குக் குறையாத இழப்பு ஏற்பட்டால், மா போன்ற பல்லாண்டுப் பயிருக்கு எக்டேருக்கு 22,500 ரூபாய் என்று 2022-26 ஆண்டுகளுக்கான நெறிமுறை கூறுகிறது. கேட்டவுடன் இல்லை என்று சொல்வதற்கு முன் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்திருக்கலாம். மானியத்தில் எத்தனை மாங்கன்று கொடுத்தோம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கன்று மரமாகிப் பூத்த பிறகு அதைத் திரும்பிப் பார்ப்பது யார் பொறுப்பு என்று எந்தக் கணக்கிலும் இல்லை. ஓர் அலுவலர் தலையில் பல ஊராட்சிகளின் வேலை சுமத்தப்பட்டிருப்பதும், களத்துக்குப் போக வேண்டியவர்கள் படிவம் நிரப்பிக்கொண்டிருப்பதும் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. மனத்தாங்கலில் பேச்சு நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டுகிறேன். நிவாரணத்துக்குத் தனி மனுத் தருகிறோம். இந்த மடலில் முதன்மையாகக் கேட்பது, பூக்கும் மாதத்தில் தோப்புக்கு வாருங்கள் என்பதையே.

இது ஆகாத காரியமில்லை. ஒத்தக்கடையில் 1965 முதல் வேளாண் கல்லூரி இருக்கிறது. இறுதியாண்டு மாணவர்கள் கிராமங்களில் தங்கிப் பயிலும் முறையும் உண்டு. அவர்களில் சிலரைப் பூக்கும் பருவத்தில் இந்தப் பக்கம் அனுப்பும்படி தாங்கள் எழுதிக் கேட்கலாம். ஊருக்கு ஒரு நாள் குறித்துச் சொன்னால், வண்டி வைத்துத் தோப்புத் தோப்பாக அழைத்துப்போவது எங்கள் பொறுப்பு. பார்த்ததைத் தாளில் எழுதி, மருந்தின் பெயர், அளவு, எதனோடு கலக்கக் கூடாது என்பதையும் குறித்துக் கையெழுத்திட்டுத் தாருங்கள். மருந்தே தேவையில்லை என்றால் அதையும் எழுதுங்கள். பூச்சிமருந்துச் சட்டம் 1968, கடைகளைச் சோதிக்கவும் மாதிரி எடுக்கவும் ஆய்வாளர்களுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. அந்த அதிகாரம் தை, மாசியில் எங்கள் ஊர்க் கடைத்தெருவுக்கு வந்தால் பில் இல்லாத வியாபாரம் ஓரளவாவது குறையும்.

இப்போது பிஞ்சாக நிற்கும் கொஞ்சநஞ்சமும் முற்றும்போது பழ ஈ வரும். தோலில் ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் வெளியே தெரியும். அறுத்தால் உள்ளே வெள்ளைப் புழு நெளியும். மாட்டுத்தாவணிப் பழச் சந்தையில் அப்படி ஒரு பழம் கண்ணில் பட்டால் கூடை முழுவதையும் ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். இந்த ஈயைக் கவர்ந்து பிடிக்கும் மெத்தில் யூஜினால் பொறியை அறுவடை முடிந்த பிறகு கொடுத்துப் பயனில்லை. காய் முற்றுமுன், இந்தச் சித்திரையிலேயே கிடைக்கச் செய்யுங்கள்.

வருகிற மார்கழி பிறக்குமுன், எந்த நாளில் எந்த ஊருக்கு யார் வருவார் என்ற பட்டியலை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டும்படி மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அழகர்மலை அடிவாரத்து மா விவசாயி