மாங்காய்க் கரையும் பெய்ஸ்லி ஊரும்: ஜூலை முதல் சனிக்கிழமை நடை

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன மாதம் மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி என் சேலைத் தலைப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், உங்க சாரீல பெய்ஸ்லி போட்டிருக்கு" என்றாள். "இது மாங்காய்ம்மா" என்றேன். அவள் நம்பவில்லை. வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. அன்றைக்கு உயிர்மெய் எழுத்து நடக்கவில்லை.

இரண்டு கட்சி சொன்னதும் சரிதான். கிளாஸ்கோ சென்ட்ரலில் ரயில் ஏறினால் கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும் ஊர் பெய்ஸ்லி. அந்த ஊர்ப் பெயரே நம் மாங்காய்க்கு ஆங்கிலப் பெயராகிவிட்டது. ஜூலை முதல் சனிக்கிழமை நம் பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகிறோம். கோடை விடுமுறை தொடங்கியிருக்கும், தெரியும். ஆனாலும் அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது.

காஷ்மீர் சால்வைகள் பிரிட்டனில் பணக்காரர் தோள்களில் ஏறியபோது, அதேபோல் விலை குறைவாக நெய்து விற்க இங்கே போட்டி நடந்தது. எடின்பரோவும் நாரிச்சும் முதலில் இறங்கின. 1800களின் தொடக்கத்தில் பெய்ஸ்லி சேர்ந்துகொண்டு, பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டது. பெயர் காஷ்மீருக்கு அல்லவா போயிருக்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும்.

அந்தச் சால்வையில் பல நிற ஊடை நூல்கள் ஓடும். அவற்றை இறுகப் பிடித்துவைக்க இடையிடையே மெல்லிய பருத்தி இழை ஒன்றை ஓட்டவேண்டும். அதை ஊர்ப் பேச்சில் 'ஸ்மா ஷாட்' என்பார்கள். சின்ன ஊடை என்று வைத்துக்கொள்ளலாம். நெய்து முடித்த சால்வையில் அது கண்ணுக்குத் தெரியாது. தெரியாத நூலுக்கு எதற்குக் காசு என்றார்கள் முதலாளிகள். அந்த நூலை நெசவாளர்களே கைக்காசு போட்டு வாங்கவேண்டியிருந்தது. போடாமல் விட்டாலோ சால்வை குலைந்துபோகும். இழுபறி நீண்டு, 1856இல்தான் முதலாளிகள் இறங்கிவந்தார்கள். அதைக் கொண்டாடும் நாள்தான் ஜூலை முதல் சனிக்கிழமை. நெசவாளரைத் திரட்டிய சார்ல்ஸ்டன் முரசின் பெயரில் இன்றும் முரசு முழங்க ஊர்வலம் வரும். முதலாளியின் உருவபொம்மையைக் கொளுத்துவதும் உண்டு. கொடும்பாவி எரிப்பதைப் பார்த்திராத பிள்ளைகளுக்கு இது புதிது. நமக்கு அப்படி இல்லை.

மதுரை, அம்பாசமுத்திரம், தூத்துக்குடிப் பக்கத்துப் பெற்றோருக்கு இன்னொரு செய்தி. மதுரா கோட்ஸ் என்ற பெயரில் உள்ள 'கோட்ஸ்' இந்த ஊர்க் குடும்பம்தான். பெய்ஸ்லியின் ஃபெர்கஸ்லி ஆலையில் தையல் நூல் செய்து பெருத்த ஜே. அண்டு பி. கோட்ஸின் இந்தியக் கிளையும் மதுரா மில்ஸும் 1974இல் ஒன்றானதில் வந்த பெயர் அது. ஊரில் ஒரு வான்நோக்கு நிலையம் இருக்கிறது, 1883இல் திறந்தது. அதுவும் கோட்ஸ் குடும்பத்துப் பணம். உங்கள் வீட்டில் யாராவது அந்த மில்லில் வேலை பார்த்திருந்தால் பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள். வழியில் எல்லோருக்கும் சொல்லட்டும்.

அபே என்னும் பழைய மடாலயத் தேவாலயம் 1163இல் நிறுவப்பட்டது. ஸ்டூவர்ட் அரச வம்சத்தின் முன்னோர் கட்டியது. நிறைய சொல்லலாம்தான், ஆனால் பிள்ளைகள் கூரையோரத்து விகாரக் கல் முகங்களைத்தான் எண்ணப்போகிறார்கள், நானும் தடுக்கப்போவதில்லை.

வெல்மெடோ தெருவில் ஒரு நத்தைக் கதை உண்டு. 1928 ஆகஸ்ட் 26 அன்று மே டொனஹ்யூ என்ற பெண் அங்கிருந்த ஒரு கஃபேயில் இஞ்சி பீர் குடித்தார். பாட்டிலில் மிச்சமிருந்ததைத் தோழி ஊற்றியபோது அழுகிய நத்தை விழுந்தது என்பது வழக்கு. காசு கொடுத்தவர் தோழி. அப்படியானால் குடித்தவர் யார்மேல் வழக்குப் போடுவது? 1932இல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 3-க்கு 2 என்ற கணக்கில், பொருளைத் தயாரித்தவர் அதை உட்கொள்பவருக்கும் பொறுப்பு என்றது. நம் ஊரில் சட்டம் படித்த பெற்றோருக்கு இது முதலாண்டுப் பாடம். கஃபே இப்போது இல்லை.

மேக்ஸ்வெல்டன் சந்திப்பில் நடுச்சாலையில் ஒரு லாடம் பதித்திருக்கிறார்கள். 1697இல் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தியின் குற்றச்சாட்டில் ஏழு பேருக்குச் சூனியக்காரர் என்று மரண தண்டனை விதித்த கதை அதற்கு. அந்தச் சிறுமியே வளர்ந்து இப்பகுதியில் லினன் நூல் தொழிலைத் தொடங்கிவைத்ததாகச் சொல்வார்கள். வண்டிகள் நிற்காமல் போகும் இடம் அது. நான் முன்கூட்டியே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நடைபாதையிலிருந்துதான் காட்டுவோம்.

ஒரு இடத்தைப் பற்றி உங்கள் சம்மதம் வேண்டும். 1929 டிசம்பர் 31 அன்று கிளென் சினிமாவில் பகல் காட்சியின்போது புகை கிளம்பி, பயந்து ஓடிய பிள்ளைகள் திறக்காத வாசலில் நெரிந்து, 71 பேர் இறந்தார்கள். திரையரங்குகளின் அவசர வாசல் விதிகள் கடுமையானதற்கு அதுவும் ஒரு காரணம். ஏழாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களை மட்டும், அதுவும் நீங்கள் சரி என்றால் மட்டும், அங்கே நிறுத்திச் சொல்வோம். சின்னவர்கள் அந்த நேரத்தில் ஆற்றோரம் வாத்து பார்ப்பார்கள்.

காலை 10 மணிக்குக் கில்மோர் ஸ்ட்ரீட் ரயில் நிலைய வாசலில் கூடுகிறோம். மதியத்துக்குப் புளிசாதமோ எலுமிச்சை சாதமோ கட்டிக் கொடுங்கள்; வேர்க்கடலை மட்டும் போடாதீர்கள், இரண்டு பிள்ளைகளுக்கு ஒவ்வாமை. அப்புறம், மாங்காய்க் கரை போட்ட பழைய சேலை இருந்தால் ஒன்று கொடுத்தனுப்புங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. கரையைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்து நூல்களைப் பிள்ளைகள் பார்க்கவேண்டும்.

சம்மதச் சீட்டு அடுத்த வாரத்துக்குள் வரட்டும். மழை பெய்தாலும் நடை உண்டு.

அன்புடன்,
தலைமையாசிரியர்