வெள்ளைக் குட்டியின் படம் இனி வேண்டாம்: சீல் வேட்டையை எதிர்க்கும் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கனடாவின் கிழக்குக் கரையில் நடக்கும் வணிக சீல் (கடல்நாய்) வேட்டையை நிறுத்தப் பல பத்தாண்டுகளாகப் போராடி வருகிறீர்கள். நானும் உங்கள் பக்கம்தான். உங்கள் மனுக்களில் கையெழுத்துப் போடுகிறவர்களில், மாதாமாதம் பணம் அனுப்புகிறவர்களில் கனடாத் தமிழர்களும் இருக்கிறோம். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பிரசாரத்தில் வரும் அந்தப் படம். பனிமேல் படுத்து, ஈரக் கண்ணோடு நிமிர்ந்து பார்க்கும் வெள்ளைக் குட்டி. அதை வணிகத்துக்காகக் கொல்வதைக் கனடா 1987இலேயே தடை செய்துவிட்டது. இப்போது கொல்லப்படுபவை வெள்ளை மயிர் உதிர்ந்து சாம்பல் நிறத்துக்கு வந்த ஹார்ப் என்ற வகைச் சீல் குட்டிகள். பெரும்பாலானவற்றுக்கு மூன்று மாதம்கூட நிரம்பியிருக்காது. தாய் ஏறக்குறைய 12 நாள் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். அப்புறம் குட்டி பனிப்பாளத்தில் தனியே கிடந்து, நீந்தவும் இரை பிடிக்கவும் தானாகவே பழக வேண்டும். அந்த வயதில்தான் துப்பாக்கிக்கும் ஹகாபிக் என்ற கொக்கித் தடிக்கும் பலியாகிறது. பனிப்பாளமும் அசைகிறது, படகும் ஆடுகிறது. இரண்டுக்கும் நடுவில் குறி தவறாமல், ஒரே சூட்டில் உயிர் போகிற மாதிரி எல்லாக் குட்டியையும் சுட முடியுமா? தோலுக்காக நடக்கும் இந்த வேட்டையை எதிர்க்க இந்த உண்மையே போதும். பழைய படத்தைக் காட்டும் ஒவ்வொரு தடவையும், உங்களைப் பொய்யர்கள் என்று சொல்ல எதிர்த்தரப்புக்கு நீங்களே வாய்ப்புத் தருகிறீர்கள்.

ஆனால் நான் இந்த மடலை எழுத உட்கார்ந்தது ஆர்க்டிக்கின் பழங்குடிகளான இனுயிட் மக்களுக்காக.

1983இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) இறக்குமதி செய்யாமல் தடுத்தது ஹார்ப், ஹூடட் என்ற இரண்டு வகைச் சீல்களின் குட்டித் தோலை மட்டும். வடக்கே இனுயிட் மக்கள் வேட்டையாடுவது பெரும்பாலும் வளையச் சீல் என்ற வேறு வகையை. அவர்களுடைய பாரம்பரிய வேட்டைக்குச் சட்டத்திலேயே விலக்கும் இருந்தது. என்ன பயன்? வாங்க வந்தவர்களுக்கு எந்தத் தோலும் ஒரே சீல்தோல்தான். சந்தை மொத்தமாகச் சரிந்தது. கிழக்கே நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் நடந்த வணிக வேட்டைக்கான தண்டனையை ஆர்க்டிக்கில் இருந்தவர்கள் அனுபவித்தார்கள்.

அங்கே ஒரு சீல் வீட்டுக்கு வந்தால் தரையில் அட்டையை விரித்து அதன்மேல் கிடத்துவார்கள். உறவும் அயலும் சுற்றி உட்கார்ந்து, உலு என்ற பிறை வடிவக் கத்தியால் அறுத்துப் பச்சையாகவே பகிர்ந்து சாப்பிடுவார்கள். பிறகு பெண்கள் அதே கத்தியால் தோலில் ஒட்டிய கொழுப்பைச் சுரண்டி, சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைப்பார்கள். அந்தத் தோலில்தான் காமிக் என்ற காலணியும் கையுறையும் தைப்பது. மிஞ்சிய தோலை விற்ற காசில் ஸ்னோமொபைலுக்குப் பெட்ரோலும் துப்பாக்கிக்கு ரவையும் வரும். இனுயிட் மக்கள் பெரும்பான்மையாக வாழும் வடகனடாவின் நூனவுட் பகுதிக் கடைகளில் பல உணவுப் பொருள்களின் விலை தெற்குக் கனடாவைப் போல இரண்டு மூன்று மடங்கு. கடையில் இறைச்சி வாங்கவும் கட்டுப்படியாகாமல், வேட்டைக்குப் போகப் பெட்ரோலுக்கும் வழியில்லாமல் போனால் அந்தக் குடும்பம் எதைத் தின்னும்?

2009இல் ஐரோப்பிய ஒன்றியம் தடையை எல்லா சீல் பொருள்களுக்கும் விரித்தபோதும் இனுயிட் விலக்கு இருந்தது. ஆனால் அது நடைமுறையில் நியாயமாக இயங்கவில்லை என்று 2014இல் உலக வணிக அமைப்பே சொன்னது. அதற்கு அடுத்த ஆண்டுதான் விதி திருத்தப்பட்டது. அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டுக் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டமோ இன்னும் மோசம். நூனவுட்டுக்கு வரும் அமெரிக்கச் சுற்றுலாப் பயணி அங்கே ஒரு பெண் கையால் தைத்த சீல்தோல் கையுறையை வாங்கி ஊருக்குக் கொண்டுபோக முடியாது.

சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸ் கனடா 2014இல் இனுயிட் மக்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. மற்றவர்கள் என்ன செய்தீர்கள்? “நாங்கள் இனுயிட் வேட்டையை எதிர்க்கவில்லை” என்று ஒரு வரி எழுதுகிறீர்கள், சரி. அந்த வரி பக்கத்தின் அடியில் கிடக்கிறது. சீல்தோல் மேலங்கியோடு படம் போட்ட இனுயிட் பெண்ணைச் சமூக ஊடகத்தில் வசைபாடுகிறவர் மேலே உள்ள படத்தைத்தான் பார்த்திருக்கிறார். அவரைத் திருத்தும் பொறுப்பு உங்களுடையது.

நியூஃபவுண்ட்லாந்துக்காரர்களையும் அரக்கர்களாகக் காட்டாதீர்கள். 1914இல் பனியில் சிக்கி 78 வேட்டைக்காரர்கள் செத்த கதை அங்கே இன்னும் ஆறாத புண். 1992இல் காட் மீன்பிடி தடை செய்யப்பட்டபோது ஏறக்குறைய 30,000 பேர் வேலை இழந்தார்கள். காட் மீனை அழித்தது சீல் அல்ல, இழுவைக் கப்பல்களும் அளவு மீறிய அனுமதிகளும்தான். இதை நான் அவர்களிடமும் சொல்வேன். ஆனாலும் பிழைப்புக்கு வேறு வழி காட்டாமல் வேட்டையை விடு என்றால் யார் கேட்பார்கள்? சீல் வேட்டை உரிமங்களை அரசே விலைகொடுத்து வாங்கிக்கொள்ளட்டும் என்ற யோசனை உங்களில் சிலரிடம் ஏற்கெனவே உண்டு. உங்கள் பிரசாரத்தின் முதல் கோரிக்கையாக அதை வையுங்கள்.

வேட்டைக் காலத்தோடு உங்கள் அடுத்த நன்கொடைக் கடிதமும் வரும். அதில் வெள்ளைக் குட்டி வேண்டாம். இனுயிட் மக்கள் தைத்து விற்கும் சீல்தோலை வாங்கலாம், அதை அணிகிறவரை ஏசக்கூடாது என்று முதல் பத்தியிலேயே எழுதுங்கள். அமெரிக்கச் சட்டத்தில் அவர்களுக்கு விலக்குக் கேட்டு, அவர்கள் பக்கத்தில் நின்று நீங்களும் வாதாடுங்கள். செய்வீர்களா, மாட்டீர்களா என்று எல்லோரும் பார்க்கும்படி பதில் சொல்லுங்கள்.

உங்களை விட்டுப் போக விரும்பாத ஒரு நன்கொடையாளர்