பூட்டுக்கும் சாவிக்கும் ஒரே பேரா?

ஆசிரியர் சார், வணக்கம்.

ஞாயித்துக்கிழமை இணைப்புல பாஸ்வேர்டு எப்படி வைக்கணும்னு போட்டிருந்தீங்க, நல்லாதான் இருந்துச்சு, ஆனா வாடகைக்கு சர்வர் எடுத்து ஓட்டுற என்ன மாதிரி ஆளுங்களுக்கு அது பத்தாது சார். ஒருநாள் எங்க சர்வர் லாக்க (யாரு உள்ள வரப் பாத்தான்னு சர்வர் எழுதி வைக்கிற பதிவு) தொறந்தா ரூட், அட்மின், டெஸ்ட்னு பேர மாத்தி மாத்தி எவனோ விடாம கதவ தட்டிக்கிட்டே இருக்கான், தூரத்துல இருந்து சர்வருக்குள்ள போற எஸ்எஸ்ஹெச் வழி, அதான் 22ஆம் போர்ட்ட, தொறந்து வச்சா எல்லாருக்கும் இதான் கதி. அன்னிக்கு ராத்திரியே கீ லாகினுக்கு, அதாவது பாஸ்வேர்டுக்கு பதிலா கீ ஃபைல வச்சு உள்ள போறதுக்கு, மாத்த உக்காந்துட்டேன்.

இதுல குழப்பமே பப்ளிக் கீ, பிரைவேட் கீன்னு ரெண்டுக்கும் கீன்னு பேர் வச்சதுதான். பப்ளிக் கீங்கறது பூட்டு சார், அத எத்தன சர்வர்ல வேணாலும் மாட்டலாம், யாரு பாத்தாலும் ஒண்ணும் ஆகாது. பிரைவேட் கீதான் சாவி, அது நம்ம லேப்டாப்ப விட்டு நகரவே கூடாது, லாகின் பண்றப்பகூட அது போகாது, அத வச்சு போட்ட கையெழுத்துதான் போகும். இது தெரியாம எங்க ஆபீஸ் தம்பி சாவி ஃபைலயே வாட்ஸ்அப்ல அனுப்பி "அண்ணே, இத சர்வர்ல ஏத்திருங்க"ன்னான். தூக்கி போட்டுட்டு புதுசா செய்யச் சொன்னேன்.

செய்யறது ரெண்டு நிமிஷ வேலதான். எஸ்எஸ்ஹெச்-கீஜென்ங்கற கமாண்ட ஓட்டி ஈடி25519 வகையில பூட்டு-சாவி ஒரு ஜோடி, பாஸ்ஃப்ரேஸ் (சாவி ஃபைலுக்கே போடற பாஸ்வேர்டு) கேக்கறப்ப சும்மா எண்டர தட்டாதீங்க (லேப்டாப் திருடு போனா அதுதான் காவல்), அப்புறம் பூட்ட சர்வர்ல மாட்ட எஸ்எஸ்ஹெச்-காப்பி-ஐடி கமாண்டு, முடிஞ்சுது.

எனக்கு முடியல. எல்லாம் சரியா போட்டும் பாஸ்வேர்டே கேட்டுச்சு, கீய அழிச்சு அழிச்சு மூணு தடவ போட்டேன், மணி 12 ஆச்சு. கடைசில லாக்ல ஒரே ஒரு வரி இருந்துச்சு, டைரக்டரி பெர்மிஷன் சரியில்லன்னு. எப்பவோ ஒரு ஃபைல் ஏறலன்னு ஹோம் ஃபோல்டருக்கு 777, அதாவது எல்லாருக்கும் எல்லா உரிமையும், குடுத்தது நான்தான்! எவன் வேணாலும் எழுதலாம்னு இருக்குற எடத்துல மாட்டுன பூட்ட சர்வர் நம்பாதாம், அத நம்ம ஸ்க்ரீன்லயும் சொல்லாதாம். ஹோமுக்கு 755, டாட் எஸ்எஸ்ஹெச் ஃபோல்டருக்கு 700, பூட்டுங்க இருக்குற ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைலுக்கு 600ன்னு, எழுதற உரிமை எனக்கு மட்டும்னு மாத்துனதும் உள்ள விட்டுருச்சு.

அதுக்கப்புறமும் பழைய விண்டோவ மூடாம வச்சுக்கிட்டு, இன்னொரு விண்டோல கீய வச்சு ரெண்டு தடவ போய் பாத்துட்டுதான் பாஸ்வேர்டு லாகின நிறுத்துனேன், அவசரப்பட்டிருந்தா நானே வெளிய நின்னிருப்பேன்.

அடுத்த வாரம் இத பத்தி எழுதுனீங்கன்னா பப்ளிக் கீய பூட்டுன்னே போடுங்க சார், எங்க தம்பிக்கு கட் பண்ணி குடுக்கணும்.

வாசகர் ஒருவர்,
ஈரோடு