ஆன்யோ நுவேவோ கரையிலிருந்து

சான் ஹோசே
9 பிப்ரவரி 2025

அன்புள்ள வசந்தி,

உன் இரண்டு கடிதங்களுக்கும் சேர்த்து இதுதான் பதில். திட்டாதே. மாப்பிள்ளைக்கு வேலை மாறியது, வீடு மாற்றினோம், பேரனுக்குக் காய்ச்சல் வந்தது. எல்லாம் அடுத்தடுத்து வந்ததில் பேனாவைத் தொடவே முடியவில்லை. இப்போது எல்லோரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பிசியோதெரபிக்குப் போகாமல் டிமிக்கி கொடுக்கிறாய் என்று லலிதா எழுதியிருந்தாள். அவளிடம் சொல்கிற சாக்கையெல்லாம் என்னிடம் சொல்லாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் இங்கே கலிபோர்னியாக் கடற்கரையில் உள்ள ஆன்யோ நுவேவோவுக்குப் போய் யானைச் சீல்களைப் பார்த்தேன். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. மகள் காதைப் பொத்திக்கொள்கிறாள், அதனால் இப்போது உன் முறை.

கல்லூரியில் சீல், கடல் சிங்கம் வகையறாவையே ஒரு பாராவில் முடித்துவிட்டார்கள், நினைவிருக்கிறதா? காது மடல் இருந்தால் கடல் சிங்கம், இல்லாவிட்டால் சீல். பின் துடுப்பை வயிற்றுக்கு அடியில் மடக்கி நடந்தால் கடல் சிங்கம், வயிற்றைத் தேய்த்து நகர்ந்தால் சீல். பத்மா மேடம் அதை மேஜையைச் சுற்றி நடந்தே காட்டினாரே! சான் பிரான்சிஸ்கோ படகுத்துறையில் படுத்துக் குரைக்கும் கடல் சிங்கங்களைப் பார்த்தபோது மேடம்தான் கண் முன்னால் நின்றார். அவை முன் துடுப்பை வீசி நீந்துகின்றன. சீலுக்கு நீந்தும் பலமெல்லாம் பின் துடுப்பில். அந்த ஒரு பாராவில் வராமல் போனது எவ்வளவு என்று இப்போதுதான் தெரிகிறது.

ஆண் யானைச் சீல் இரண்டு டன் எடை, தொங்கும் மூக்கு. ஆனால் என் கண் முழுக்கத் தாய்கள் மேல்தான். குட்டி போட்டு நாலு வாரம் கரையிலேயே கிடக்கிறாள். ஒரு வாய் இரை இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தன் கொழுப்பைக் கரைத்துத்தான் தண்ணீரும் பாலும். அந்தப் பாலில் பாதிக்கு மேல் கொழுப்பு! 35 கிலோ போலப் பிறந்த குட்டி ஒரே மாதத்தில் 130 கிலோவைத் தொடுகிறது. பிறகு ஒரு நாள் அவள் கடலில் இறங்கிப் போய்விடுகிறாள், அந்தக் குட்டியைத் தேடித் திரும்பி வருவதில்லை. பக்கத்தில் நின்ற பெண் “ஐயோ பாவம்” என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுத்துவிட்டாள். இன்னும் இருந்தால் அவளும் பிழைக்க மாட்டாள். குட்டி இரண்டு மாதம் போலக் கரையோரத்திலேயே கிடந்து, யாரும் சொல்லித் தராமல் நீந்தக் கற்றுக்கொள்கிறது.

அப்புறம் அவள் கடலில் என்ன செய்கிறாள் என்று கேள். சாதாரணமாகவே ஐந்நூறு மீட்டர் ஆழத்துக்கு, இருபது நிமிடத்துக்கு மேல் முங்குகிறாள். மேலே வந்து இரண்டு மூன்று நிமிடம் மூச்சு விட்டு மறுபடி உள்ளே. இப்படியே இரவும் பகலும், மாதக்கணக்கில். நாம் காற்றை இழுத்துக்கொண்டு முங்குவோம், அவள் வெளியே விட்டுவிட்டு முங்குகிறாள். அவளுக்கு வேண்டிய ஆக்சிஜன் நுரையீரலில் இல்லை, ரத்தத்திலும் தசையிலும் இருக்கிறது. நம் எடையில் ரத்தம் 7 சதவீதம் என்றால் அவளுக்கு ஏறக்குறைய 20. ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் என்ற புரதம் மிகுந்து தசையே கறுப்பாகத் தெரியுமாம். ஆழத்தில் இதயம் நிமிடத்துக்குப் பத்துக்கும் கீழே இறங்கிவிடும்.

தூக்கமும் அங்கேதான். சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் தலையில் கருவி பொருத்தி மூளை அலைகளைப் பதிவு செய்து, 2023இல் வெளியிட்டார்கள். சுறாக்கள் திரியும் மேல்மட்டத்தைத் தாண்டிக் கீழே போனதும் தூங்குகிறாள். கனவுத் தூக்கம் வந்ததும் உடம்பு மல்லாந்து, சுழன்று சுழன்று ஆழத்தில் இறங்குகிறது. பத்து நிமிடத்தில் விழித்து மேலே வருகிறாள். கடலில் இருக்கும்போது ஒரு நாளைக்கு மொத்தமே இரண்டு மணி நேரத் தூக்கம். திருச்சி பாசஞ்சரில் நின்றபடியே தூங்கிய நீதான் ஞாபகத்துக்கு வந்தாய்.

ஆனால் வசந்தி, உனக்கு எழுத உட்கார்ந்தது இதற்காக மட்டும் இல்லை. பால் மறக்கிற வாரத்திலேயே தாய் அடுத்த கருவைச் சுமக்கிறாள். அந்தக் கரு சில மாதம் கருப்பையில் ஒட்டாமல் காத்திருந்து, பிறகுதான் வளரத் தொடங்குகிறது. அதனால்தான் ஆண்டுதோறும் எல்லாத் தாய்களும் அதே சில வாரங்களில், அதே கரைக்கு வந்து ஈனுகிறார்கள். இவ்வளவு நேர்த்தியான ஏற்பாடுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

2023இல் அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில், இவற்றின் உறவினமான தென்கடல் யானைச் சீல்கள் ஈன்று கிடந்தபோது பறவைக் காய்ச்சல் புகுந்தது. ஏறக்குறைய 17,000 குட்டிகள் செத்தன. அந்த ஆண்டு பிறந்ததில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல். தாய்களும் செத்தன. நெருக்கியடித்துக் கிடக்கும் கரையில் சீலிலிருந்து சீலுக்கே பரவியிருக்கிறது என்கிறார்கள்.

இங்கே உள்ளவற்றுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. எண்ணெய்க்காகக் கொன்று கொன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் மெக்சிகோவின் குவாடலூப் தீவில் மட்டும் மிஞ்சின. 1892இல் அங்கே போன அமெரிக்க ஆய்வாளர்கள் கண்ணில் பட்ட சிலவற்றிலும் ஏழு சீல்களைக் கொன்று அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போனார்கள்! 1922இல் மெக்சிகோ காவல் போட்ட பிறகு பெருகி, இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேல். எல்லாம் நூறுக்கும் குறைவான அந்தக் கூட்டத்தின் வாரிசுகள். மரபணுவில் வேற்றுமை மிகக் குறைவு. ஒன்றை வீழ்த்துகிற நோயை இன்னொன்று தாங்கும் என்று எந்த நம்பிக்கையில் இருப்பது?

இங்கே கடையில் முட்டை அலமாரி காலி. ஆளுக்கு ஒரு டஜன் என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். கோழி, கறவை மாடு எல்லாவற்றிலும் இதே வைரஸ். விலையைப் பற்றி எல்லோரும் புலம்புகிறார்கள், நானும்தான். ஆனால் அலமாரியைப் பார்க்கும்போதெல்லாம் மனசு அந்த மணலுக்குப் போய்விடுகிறது.

உன் மாணவி ஒருத்தி நாமக்கல் கோழிப்பண்ணைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் என்றாயே, அவளிடம் எனக்காக ஒன்று கேள். பண்ணையில் நோய் நுழைந்ததை முதல் நாளிலேயே எதை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள்? ஹவாயில் துறவிச் சீல் என்ற இன்னொரு வகைச் சீல்களுக்கு வேறொரு வைரஸுக்கு எதிராக 2016 முதல் தடுப்பூசி போடுகிறார்கள். இவ்வளவு பெரிய கூட்டத்தில் அப்படி ஏதாவது நடக்குமா என்று அவள் நினைக்கிறாள்? விவரமாக எழுதச் சொல். தபாலுக்குக் காத்திருக்காமல் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பு.

அன்புடன்,
ஜெயா