நீ கேட்ட கேள்விக்கு

அன்புள்ள மகளுக்கு,

போன வாரம் போனில் "என் ஆய்வால் யாருக்கு என்னம்மா பயன்?" என்று கேட்டாய். துண்டு துண்டாகப் பார்ப்பதை மூளை எப்படி ஓர் இடமாகச் சேர்க்கிறது என்ற உன் கட்டுரை மறுபடியும் திருத்தத்துக்கு வந்த களைப்பில் கேட்டது என்று தெரியும். ஆனாலும் பதில் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. போனில் ஆரம்பித்தால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ சொன்ன ஆய்வுகளில் ஒன்று என்னை விடவே இல்லை. 1978-இல் பிசியாக், லுசாட்டி என்ற இருவர் வெளியிட்டது. மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டு, இடப்பக்கம் கவனத்துக்கே வராமல் போன நோயாளிகள் இரண்டு பேர். இத்தாலியின் மிலான் நகரில் உள்ள பேராலயச் சதுக்கம் அவர்களுக்கு நன்றாகப் பழகிய இடம். பேராலயத்தைப் பார்த்தபடி எதிரே நிற்பதாக நினைத்துக்கொண்டு, தெரிவதைச் சொல்லச் சொன்னார்கள். வலப்பக்கம் இருப்பவை வந்தன, இடப்பக்கம் பெரும்பாலும் விடுபட்டது. சரி, இப்போது பேராலய வாசலில் நின்று சதுக்கத்தைப் பாருங்கள் என்றதும், சற்று முன் விட்டுப்போன கட்டடங்கள் வந்துவிட்டன. முன்பு சொன்னவை காணாமல் போயின! நினைவு அழிந்திருந்தால் இப்படி நடக்குமா? கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. மனதுக்குள் ஒரு சதுக்கம் இருக்கிறது, அதில் நாம் ஏதோ ஓர் இடத்தில் நின்றுதான் பார்க்கிறோம். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தால், துல்லியமாகத் தெரிவது ஏறக்குறைய அந்த நகத்தளவுதான் என்று நீ ஒருமுறை சொன்னாயே, அதையும் செய்து பார்த்தேன். நகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பக்கத்தில் வைத்த தாளைப் படிக்க முயன்றேன். எழுத்து இருப்பது தெரிகிறது, என்ன எழுத்து என்று பிடிபடவில்லை. கண் நொடிக்கு மூன்று நான்கு தடவை தாவுகிறது. அப்படியும் அறை ஆடாமல் நிற்கிறது, கதவு எந்தப் பக்கம் என்று திரும்பாமலே தெரிகிறது. இந்தத் துணுக்குகள் எப்படி ஓர் அறையாகின்றன என்பதைத்தானே நீ தேடுகிறாய்? இதைவிடப் பெரிய கேள்வி எனக்குத் தெரியவில்லை.

பயன் என்றாயே. எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கும் மூளைச் செல்களைப் பற்றி ஓ'கீஃப் என்ற மூளை ஆய்வாளர் எழுதியது 1971-இல். எலி நடக்கும் இடத்தைக் கட்டம் கட்டமாகக் குறிக்கும் 'கட்டச் செல்களை' மோசர் தம்பதி என்ற ஆய்வாளர்கள் காட்டியது 2005-இல். மூவருக்கும் நோபல் பரிசு 2014-இல். அந்தக் கட்டச் செல்கள் இருக்கும் பகுதியைத்தான் அல்சைமர் என்ற மறதி நோய் ஆரம்பத்திலேயே தாக்குகிறது. தெரிந்த வழியில் ஒருவர் ஏன் தடுமாறுகிறார் என்பதை இன்று மருத்துவர்கள் அங்கேயும் தேடுகிறார்கள் என்றால், அது அந்த எலிகளிலிருந்து வந்தது.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கேட்டுக்கொள். உன் டேட்டாவில் சராசரியோடு ஒட்டாமல் நிற்பவர்களை அவசரப்பட்டு ஒதுக்காதே. மிலானில் சொன்னது இரண்டே பேர். சோதனை முடிந்ததும் அவர்களிடம் உட்கார்ந்து, எப்படி யோசித்தீர்கள் என்று கேள். எண்ணில் வராதது பேச்சில் வரலாம்.

அப்புறம், நீ திரையில் காட்டும் அந்த அறைப் படங்களை எனக்கும் அனுப்பு. பங்கேற்பாளராகச் சேர்க்க முடியாது என்று தெரியும். சும்மா நானும் செய்து பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா